செல்டன்ஹாம் போல்டு கண்டென்ஸ்டு: ஆறு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஐடிசி (இன்டர்நேஷனல் டைப்ஃபேஸ் கார்ப்பரேஷன்) என்ற எழுத்துரு நிறுவனம் வெளியிட்ட செல்டன்ஹாம் எழுத்துருக் குடும்பத்தின் தடித்த, ஒடுக்கமான வடிவத்தை ஆறு ஆண்டுகளாக ஆங்கில இதழ்த் தலைப்புகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் பயன்படுத்தி வருகிறேன். குறுகிய பத்தியின் மேல் நீளமான தலைப்பைச் சொல் உடையாமல் பெரிதாக வைக்க வேண்டியிருந்ததால்தான் இதைத் தேடிச் சென்றேன். வழக்கமான அகலமுள்ள செரிஃப் எழுத்தில் (கோட்டு முனைகளில் சிறு அடிக்கட்டை உள்ள எழுத்தில்) 24 பாயின்ட் அளவைத் தாண்ட முடியாத தலைப்பு, இதில் 32 பாயின்ட்டில் அதே இரண்டு வரிகளுக்குள் அமர்ந்தது.

இதன் மூல வடிவத்தை 1896இல் வரைந்த பெர்ட்ரம் குட்ஹ்யூ, அமெரிக்கக் கட்டடக் கலைஞர். எழுத்தின் மேற்பாதியைக் கொண்டே கண் அதை அடையாளம் காண்கிறது என்று கருதியதால், அவர் b, d போன்றவற்றின் மேல் தண்டுகளை நீட்டி, p, q போன்றவற்றின் கீழ்த் தண்டுகளைக் குறுக்கினார். எழுத்துரு வடிவமைப்பாளர் மோரிஸ் ஃபுல்லர் பென்டன் அதைப் பெரிய குடும்பமாக வளர்த்தார். 1975இல் ஐடிசிக்காக அதை மறுவரைவு செய்த டோனி ஸ்டான், சிற்றெழுத்துகளின் உடலை (தண்டுகள் நீங்கலான x போன்ற எழுத்தின் உயரத்தை) உயர்த்தினார். கீழ்த் தண்டுகள் குட்டையாக இருப்பதன் பயனை நான் அன்றாடம் காண்கிறேன்: வரி இடைவெளியை எழுத்தளவுக்கு மிக அருகில் வைத்தாலும் மேல்வரியும் கீழ்வரியும் மோதிக்கொள்வதில்லை.

தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் இடையே வேறுபாடு குறைவாக இருப்பதே இதன் பெரிய பலம் என்பேன். முன்பு, தடித்த கோடும் மிக மெல்லிய கோடும் கலந்த போடோனி எழுத்துருவின் ஒடுக்கமான வடிவத்தைக் கருப்புப் பின்னணியில் வெள்ளையாக அச்சிட்டபோது, மை பரவி மெல்லிய கோடுகள் மறைந்துபோயின. அதே அட்டையைச் செல்டன்ஹாமில் மாற்றி அமைத்தபோது ஒவ்வொரு கோடும் முழுமையாக நின்றது. பெரிய எழுத்து A-யின் உச்சி இடப்பக்கம் சற்று நீண்டிருப்பது, சிற்றெழுத்து g-யின் கீழ்வளையம் மூடாமல் நிற்பது போன்ற நுட்பங்கள் பெரிய அளவில் வைக்கும்போதுதான் தெரிகின்றன. எனக்கு இவற்றின் மேல் தனிப் பிரியம் உண்டு.

ஒடுக்கமான எழுத்துரு கையில் இல்லையென்று சாதாரண போல்டை மென்பொருளில் பக்கவாட்டில் நெருக்குவோர் பலர். அப்படிச் செய்தால் செங்குத்துக் கோடுகள் மெலிந்துவிட, கிடைக்கோடுகள் பழைய தடிமனிலேயே நின்று எழுத்தின் சமநிலை கெடுகிறது. ஒடுக்கமாகவே வரையப்பட்ட வடிவத்தில் இந்தத் தடிமன் எழுத்துக்கு எழுத்து சரிசெய்யப்பட்டிருக்கும்.

குறைகளும் உண்டு. 14 பாயின்ட்டுக்குக் கீழே இறங்கினால் e, a போன்ற சிற்றெழுத்துகளின் உள்வெளி அடைபட்டு வரி கருமையான பட்டையாகிவிடுகிறது. எழுத்துகளை நெருக்கி அமைக்கும் எழுபதுகளின் பாணி இதில் படிந்திருப்பதால், சிறு துணைத்தலைப்புகளுக்கு எழுத்திடைவெளியைச் சற்றுக் கூட்டியே தீர வேண்டும். முழுவதும் பெரிய எழுத்துகளில் அமைத்த நீண்ட வரி வேலிக் கம்பிகளைப் போலத் தெரிவதால் அதை முற்றிலும் தவிர்த்துவிட்டேன். நியூயார்க் டைம்ஸ் தலைப்புகளின் தோற்றத்தை எதிர்பார்த்து இதை வாங்குவோர், அந்த நாளிதழ் 2003 முதல் பயன்படுத்துவது எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் அதற்கென்றே வரைந்த வேறொரு செல்டன்ஹாம் வடிவம் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

கட்டுரையின் உடற்பகுதிக்கு இதே குடும்பத்தின் மெல்லிய வடிவத்தை வைத்துப் பார்த்தேன். நீண்ட வாசிப்பில் கண் களைத்தது. இப்போது தலைப்புக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு, கீழே அகன்று அமைதியாக நிற்கும் வேறொரு செரிஃப் எழுத்தில் கட்டுரையை அமைக்கிறேன்.