ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஸ்விஃப்ட்: சஸ்பென்ஷனில் எதை உடனே மாற்றுவது, எது காத்திருக்கும்

2005 முதல் 2011 வரை விற்ற முதல் தலைமுறை ஸ்விஃப்ட் இன்றும் நிறைய ஓடுகிறது. முன்பக்கம் ‘கடகட’ என்று தட்ட ஆரம்பித்ததும் பழி விழுவது ஷாக் அப்சார்பர் மேல்தான். இரண்டு ஸ்ட்ரட்டையும் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த முன்பக்கத் தூண்) மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு வண்டியை எடுத்துப் போகிறவர்கள் உண்டு.

மெதுவாகப் போகும்போது, சின்னச் சின்னப் பள்ளங்களில் மட்டும் தட்டினால் முதலில் ஸ்டெபிலைசர் லிங்க் ராடைப் பாருங்கள்; வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரை சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு கம்பி அது. ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டால் பிடிபடாது. தொங்கும் சக்கரம் பாரை முறுக்கி லிங்க்கை இறுக்கிவிடும், ஆட்டம் மறைந்துவிடும். பிட் மேல் நான்கு சக்கரமும் தரையில் இருக்க, லிங்க்கைக் கையால் பிடித்து வேகமாக ஆட்ட வேண்டும். விலை குறைவு, மாற்றிய பின் அலைன்மெண்ட்டும் வேண்டாம். சத்தம் எரிச்சலூட்டும், ஆனால் ஒரு மாதம் பொறுக்கலாம்.

லோயர் ஆர்மையும் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை) நக்கிளையும் (சக்கரம் பொருந்தும் இரும்புப் பகுதி) இணைக்கும் பால் ஜாயிண்ட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது கழன்றால் ஓட்டத்திலேயே சக்கரம் மடங்கும். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் லோயர் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே லிவர் கொடுத்து நெம்பிப் பார்த்தால் பால் ஜாயிண்ட் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது தெரிவது பெரும்பாலும் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட். இந்த இரண்டில் எது ஆடினாலும் நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாம். ரப்பர் பூட் கிழிந்திருந்தால் மண்ணும் தண்ணீரும் கிரீஸில் கலந்துவிடும். இப்போது ஆட்டம் இல்லை என்றாலும் அடுத்த மழைக்காலத்தை நம்ப முடியாது.

பிரேக் பிடிக்கும்போது ஒரே ஒரு ‘டொக்’ கேட்டால் லோயர் ஆர்ம் புஷ், அதாவது ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர். ரப்பரின் மேலே மெல்லிய வெடிப்பு இருப்பது பரவாயில்லை, உள்ளே இருக்கும் இரும்புக் குழாயை விட்டு ரப்பர் பிரிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். புஷ்ஷும் பால் ஜாயிண்ட்டும் சேர்ந்தே போயிருந்தால் முழு ஆர்மாகப் போடுவதே லாபம். புதிய புஷ் சில மாதங்களிலேயே கிழிவதற்குப் பல நேரம் பொருளைக் குறை சொல்கிறோம், தவறு பொருத்துவதில் இருக்கும். சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுசாக இறுக்கினால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொள்ளும். கையளவுக்கு மட்டும் பிடித்து, இறக்கி, வண்டியின் எடை சக்கரத்தில் அமர்ந்த பிறகே கடைசி இறுக்கு. மெக்கானிக்கிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஸ்ட்ரட்டுக்கு வருவோம். மேலே லேசான எண்ணெய்ப் பூச்சு லீக் அல்ல. கீழ்வரை நனைந்து தூசி அப்பியிருந்தால்தான் லீக். பானெட்டை அமுக்கிவிட்டால் வண்டி ஒன்றுக்கு மேல் துள்ளுவது தேய்மானம்தான், ஆனால் துள்ளாததால் மட்டும் நல்ல ஸ்ட்ரட் என்று முடிவு செய்ய வேண்டாம். டயரில் மேடும் குழியுமாகத் திட்டுத்திட்டாகத் தேய்மானம் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். மாற்றினால் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், கூடவே மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாம். கழற்றும் கூலி ஒன்றுதான். ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸர் இல்லாமல் கழற்ற யாரையும் விடாதீர்கள், உயிருக்கே ஆபத்து. முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் கட்டாயம்.

பின்பக்கம் டார்ஷன் பீம், இரு சக்கரத்தையும் இணைக்கும் குறுக்குச் சட்டம். அங்கே ஷாக் மட்டும் மாற்றினால் அலைன்மெண்ட் தேவையில்லை. பின்னால் தட்டும் சத்தம் கேட்டால், புது ஷாக் வாங்கும் முன் மேல் நட்டின் இறுக்கத்தையும் ரப்பர் வாஷரையும் பாருங்கள்.