முட்டி உள்ளே மடிகிறதா? ரப்பர் பேண்டா, பலகையா, மெரினா மணலா?

குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடியும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் முதலில் வாங்கித் தருவது நீ-கேப், அதாவது முட்டி உறை. முட்டி உள்ளே போகாமல் இறங்கப் பழக்குவது எது என்ற இந்தப் போட்டியிலேயே அதைச் சேர்க்கவில்லை. மாட்டினால் ஒரு தெம்பு வரும், அவ்வளவுதான். இறங்கும் விதம் மாறாது.

உடற்பயிற்சிக்கான ரப்பர் பேண்ட் அப்படியல்ல. முட்டி மடிவதற்குக் காரணம் பல நேரம் முட்டியில் இல்லை, இடுப்பின் பக்கவாட்டுத் தசையில் இருக்கிறது. அது பலவீனமானால் தொடை உள்ளே சுழலும், முட்டியும் கூடவே போகும். முட்டிக்கு மேலே பேண்டை மாட்டிப் பக்கவாட்டில் நடந்தால் அந்தத் தசைக்குத்தான் வேலை. செலவு குறைவு, மொட்டைமாடி போதும். ஆனால் பலம் ஏறிவிட்டதாலேயே குதிக்கும் பழக்கம் தானாகத் திருந்திவிடாது.

ஏறி நின்று பேலன்ஸ் பழகும் ஆடும் பலகை கணுக்கால் சுளுக்கிலிருந்து மீண்டு வரும் பிள்ளைக்கு நல்லது. மற்றவர்களுக்கு, தரையில் ஒற்றைக்காலில் நின்று பந்தைப் பிடித்து எறிவதே போதும். காசு மிச்சம்.

மெரினா மணல் நம்ம ஊர் கோச்சுகளின் செல்லம். கெண்டைக்கால் கதறும், தம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் பாதம் புதையும் இடத்தில் முட்டி எந்தப் பக்கம் போகிறது என்று யார் பார்ப்பது? முதல் பாடம் சமதரையில்தான்.

என் ஓட்டு, காயம் தடுக்க ஃபிஃபா தந்த '11+' வார்ம்-அப்புக்கு. 15 பயிற்சிகள், 20 நிமிடம், பந்தைத் தவிரப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓட்டம், பலம், பேலன்ஸ், குதித்து இறங்குதல் எல்லாம் ஒரே கோர்வையில். நார்வேயில் 13 முதல் 17 வயது கால்பந்துப் பெண்களிடம் சோதித்து 2008-ல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் குறைந்தன. முட்டியில் அடிபடுவது பல நேரம் இறங்கும்போதும் திரும்பும்போதும்தான். பழக்க வேண்டியதும் அதையேதான். "சத்தம் கேக்கக் கூடாது பாப்பா, முட்டி ரெண்டாவது கால்விரலைப் பாக்கணும்" என்று கோச் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லையா? முன்னாலிருந்து போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள், பிள்ளைக்கே புரியும்.

இதற்கு எதிரி டியூஷன். பிள்ளை ஓடிவந்து ஷூ மாட்டும்போதே பாதி நேரம் போயிருக்கும். கிரவுண்டை ரெண்டு சுற்று ஓடினால் வார்ம்-அப் முடிந்தது என்பார்கள். முழுசாக முடியாவிட்டால் ஒற்றைக்கால் பேலன்ஸ், ஸ்குவாட், குதித்து இறங்குவது மூன்றையாவது விடாதீர்கள். பேண்டை வீட்டுப்பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

முட்டி வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ இவை எதுவும் வேண்டாம், முதலில் எலும்பு டாக்டர். நாலு வயசுக் குழந்தைக்கு முட்டிகள் ஒன்றோடொன்று இடிப்பது பெரும்பாலும் வளர்ச்சியில் வருவதுதான். அதற்குப் பேண்ட் வாங்க ஓடாதீர்கள்.