புயல் நேரத்தில் செல்போனா, டிரான்சிஸ்டரா?

புயல் கரை கடக்கும்வரை செல்போன்தான் கெட்டி. ரேடார் படத்தில் மழைமேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். கடலூர் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்பதும் உடனே தெரிந்துவிடும். கூடவே புரளியும் வரும். எங்கேயோ எப்போதோ எடுத்த வெள்ளக் காட்சியை, இன்றைய தேவனாம்பட்டினம் என்று அனுப்புகிறவர்களை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

காற்று அடித்து ஓய்ந்த பிறகுதான் டிரான்சிஸ்டர் ரேடியோவின் அருமை தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு விழுந்தன. பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வெகுநாள் ஆனது. அந்த மாதிரி நேரத்தில் சார்ஜ் இறங்கிய போனும் டீசல் தீர்ந்த டவரும் எதற்கு உதவும்? டிரான்சிஸ்டருக்கு இரண்டு பென்சில் பேட்டரி போதும். ஏரியலை முழுசாக இழுத்து ஜன்னல் பக்கம் சாய்த்து, முள்ளை மெல்ல நகர்த்தினால் இரைச்சல் அடங்கிச் செய்தி வாசிப்பவரின் குரல் தெளியும்.

செல் பிராட்காஸ்ட் எச்சரிக்கை என்று ஒன்று வந்திருக்கிறது. இணையம் வேண்டாம்; டவரின் எல்லைக்குள் இருக்கும் போன்களெல்லாம் ஒரே நேரத்தில் அலறும். நல்ல வசதிதான், ஆனால் அதற்கும் டவர் உயிரோடு இருக்க வேண்டுமே.

என் ஓட்டு டிரான்சிஸ்டருக்கு. ஐப்பசி பிறக்கும் முன்பே ஒன்று வாங்கி வையுங்கள். அப்புறம், பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். உள்ளேயே கிடந்தால் கசிந்து கம்பியை அரித்துவிடும்.