அண்டாவும் உப்பும்: மூன்று வருஷம் ஓட்டிய பிறகு

போன வாரம் பெரம்பூர் நண்பன் போன் செய்தான். "மச்சான், உங்க வீட்ல இருக்கே அந்தக் காத்தடிக்கிற ஜக்குசி, இப்ப ஆஃபர்ல போகுது. வாங்கட்டுமா?" நான் அப்போது கையில் டெஸ்டரோடு, அதே ஜக்குசியின் பம்ப் பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் அவனுக்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுவது இது.

ஜக்குசி என்றால் உள்ளே உட்கார்ந்து குளிக்கும் குமிழி வெந்நீர்த் தொட்டி. எங்களுடையது காற்றடித்து நிறுத்துவது. நான்கு பேர் உட்காரலாம், 800 லிட்டர், 2 கிலோவாட் ஹீட்டர், குமிழி விடும் ப்ளோயர். அம்மாவின் முட்டி வலிக்காக வாங்கியது. முதலில் மொட்டைமாடியில் வைக்கத்தான் ஆசை. தெரிந்த இன்ஜினியர் ஒருவர் தடுத்தார். மாடித் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று கணக்குப் போட்டுத்தான் கட்டுவார்களாம். இந்தத் தொட்டியில் தண்ணீர் மட்டுமே அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தும். மேலும், முட்டி வலிக்காரரை மாடி ஏற்றி வெந்நீரில் உட்காரவைப்பது என்ன அறிவு? பின்பக்கம் துவைகல் இருந்த இடத்தில் வைத்தேன். அம்மா பார்த்ததும் "அண்டா" என்றார். இன்றுவரை அதுதான் பெயர்.

இனி உப்பு. என் மூன்று வருஷத்தைத் தின்றது அதுதான்.

எங்கள் வீடு வடசென்னை திருவொற்றியூரில், கடலுக்கு நடந்து போகும் தூரத்தில். போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் 1900 காட்டும். முதல் தடவை சோம்பேறித்தனத்தில் அந்தத் தண்ணீரையே நிரப்பினேன். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து, எந்த இடம் அதிகம் சுடுகிறதோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிக்குமே, அதேதான். இங்கே அது பிடித்த இடம் ஹீட்டர். நாற்பது நாளில் 'ஈ 02' என்று காட்டிப் படுத்துவிட்டது. தண்ணீர் ஓட்டம் இல்லை என்று அர்த்தம்.

போதாக்குறைக்கு மாமா ஒருவர், தண்ணீர் கெடாமலிருக்கப் போடும் குளோரினுக்கு எதற்கு இவ்வளவு செலவு, பிளீச்சிங் பவுடர் போடேன் என்றார். போட்டேன். பிளீச்சிங் பவுடரே கால்சியம்தான் என்பது தொட்டி முழுக்க அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆன பிறகுதான் உறைத்தது.

மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியம் குழாயில் விடுவது, நல்ல தண்ணீர், மறுக்கவில்லை. காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கியது. தினம் 10 கோடி லிட்டர் திறன். வடசென்னைக்கு வந்த தண்ணீரில் அதுவும் சேர்த்தி. உப்பெடுத்த தண்ணீர் என்பதால் ஹீட்டருக்கு அமிர்தம். ஆனால் 800 லிட்டர் என்பது ஐம்பது குடத்துக்கு மேல். 2019 கோடையில் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய தெரு இது. முதல் முறை ஹோஸைப் போட்டபோது எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "இன்னாப்பா, வூட்டுக்குள்ளயே குளம் வெட்டுறியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இருந்தாலும் அன்றிலிருந்து இரவு பதினொன்றுக்கு மேல்தான், அதுவும் சம்ப் நிறைந்த பிறகுதான் நிரப்புகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும்போது, மூடியைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் விட்டுக் குளோரின் போன பிறகு, அந்தத் தண்ணீர் கக்கூஸுக்கும் தரை கழுவவும் போகும். அக்காவும் இரண்டு பக்கெட் வாங்கிப்போவார்.

மெட்ரோ தண்ணீருக்கு மாறியும் இந்த முறை மறுபடி ஈ 02. கம்பெனி சர்வீஸ்காரர் வந்தார், பெட்டியைத் திறக்காமலேயே "யூனிட்டையே மாத்தணும் சார்" என்றார். சொன்ன விலை, புதுத் தொட்டியின் விலையில் பாதிக்கு மேல். வண்ணாரப்பேட்டையில் கீசர் ரிப்பேர் செய்யும் பெரியவரைக் கூட்டிவந்தேன். தண்ணீர் ஓட்டத்தைப் பார்க்கும் சின்ன சுவிட்சின் நாக்கில் பழைய உப்பு மணி அளவு ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார். "எலுமிச்சை உப்பு போட்டு ஓட்டு தம்பி" என்றார். மளிகைக் கடையில் கிடைக்கும் அதே எலுமிச்சை உப்புதான், சிட்ரிக் அமிலம். தண்ணீரை மாற்றப்போகும் முன் கரைத்து ஒரு மணி நேரம் ஓட்டினால் போதுமாம். கூலி 300 ரூபாய். மூன்று வருஷமாக எந்த கையேடும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

இன்னொரு கூத்து கோடை. வெந்நீர்த் தொட்டி வாங்கியவன் தண்ணீரை ஆறவைக்கத் தவிப்பான் என்று யார் நினைத்தது? அக்னி நட்சத்திரத்தில் ஹீட்டரை அணைத்து வைத்தாலும், பம்ப் ஓடும் சூட்டிலும் மூடி பிடித்துவைக்கும் சூட்டிலும் 40 டிகிரிக்குப் போய்விடுகிறது. ஒருநாள் காசிமேடு மீன் துறைமுகத்தில் பாதி பார் ஐஸ் வாங்கி, பிளாஸ்டிக் சாக்கில் கட்டி உள்ளே இறக்கினேன். மூன்று டிகிரி இறங்கியது. சாக்கு ஒழுகியதில் மீன் வாடை ஏறியது. அந்த மாதம் தண்ணீர் சீக்கிரமே மாறியது. இப்போது மே, ஜூனில் காலி செய்து மடித்து வைத்துவிடுகிறேன்.

கரண்ட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்கழியில் 24 டிகிரித் தண்ணீரை 37க்குக் கொண்டுவர ஏழெட்டு மணி நேரம், 14 முதல் 16 யூனிட். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி (ஸ்லாப்) யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும். நாங்கள் தாண்டுகிறோம். எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்சும் இல்லாத வீட்டில் இதைச் செருகவே கூடாது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். ஜக்குசி என்பது அமெரிக்காவில் பம்பு செய்த இத்தாலியக் குடும்பத்தின் பெயர். அதில் கண்டிடோ என்பவர் மூட்டுவாதம் வந்த தன் மகனுக்காகக் குளியல்தொட்டிக்குள் இறக்கும் பம்பு ஒன்றைச் செய்தார். 1956இல் அது விற்பனைக்கு வந்தது. ஆடம்பரம் எல்லாம் அப்புறம் ஒட்டியது. டாக்டர் சொன்னபடி 37 டிகிரி, பதினைந்தே நிமிடம். விடிகாலை ஐந்து மணிக்கு, எங்கோ கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஓட, அம்மா நைட்டியோடு கழுத்துவரை இறங்கி உட்காருவார். ஏறி வந்ததும் சுவரைப் பிடிக்காமல் நாலு படி நடப்பார். மதியத்துக்குள் வலி திரும்பிவிடும். அந்த நாலு படிக்கு மார்க் போட எனக்குத் தெரியவில்லை.

நண்பனுக்கு என் பதில்: வாங்காதே. கீசரும் ஒரு நல்ல பக்கெட்டும் ஸ்டூலும் போதும். அதைச் சொன்னதும் அவன், "அப்ப உன்னுத குடுத்துடு, நான் எடுத்துக்கறேன்" என்றான். தர முடியாது என்றேன். மளிகைக் கடைக்காரரிடம் இரண்டு கிலோ எலுமிச்சை உப்பு சொல்லிவைத்திருக்கிறேன். இவ்வளவு எதற்கு, ஊறுகாய் கம்பெனியா வைக்கிறீங்க என்று அவர் கேட்டார்.