பார்க்காமலே எழுதிக்கொடுத்த மாத்திரையும் எட்டு மாத எரிச்சலும்

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இந்தக் கூச்சத்தால்தான் எட்டு மாதம் போனது, அதனால் எழுதிவிடுகிறேன்.

பிறப்புறுப்பில் அரிப்பு என்று ஒரு கிளினிக்குக்குப் போனேன். மருத்துவர் நாற்காலியை விட்டு எழவில்லை. "அரிக்குதா? வெள்ளைப்படுதா? ஃபங்கஸ்தான்" என்று ஃப்ளூகோனசோல் 150 மி.கி. மாத்திரை, ஒரு க்ரீம், கூடவே அங்கேயே விற்கும் வாசனை வாஷ் ஒன்று. மூன்று நாள் அடங்கும், அப்புறம் முன்பைவிட மோசமாக அரிக்கும். நான்கு முறை போனேன், நான்கு முறையும் அதே சீட்டு. படுக்க வைத்துப் பார்க்கவில்லை, ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுக்கும் மாதிரி) எடுக்கவில்லை, சர்க்கரை இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை. கடைசியில், "கொஞ்சம் சுத்தமா இருங்கம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் கூனிக் குறுகிப் போய், நாளுக்கு ஒரு வேளை கழுவிக்கொண்டிருந்தவள் மூன்று வேளையும் அந்த வாஷைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தேன்.

பிறகு எரிச்சல். சிறுநீர் போகும்போதே மக்கில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் தாங்க முடியும். நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவேன்.

வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் போனபோது அவர் முதலில் கேட்டது: "சிறுநீர் வரும்போது உள்ளே எரியுதா, வெளியே தோலில் படும்போது எரியுதா?" வெளியேதான். இத்தனை நாள் யாரும் கேட்காத கேள்வி. பரிசோதித்துவிட்டு, ஸ்வாப் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க அனுப்பினார். பூஞ்சையே இல்லை. சர்க்கரையும் சரியாக இருந்தது. பையிலிருந்த க்ரீம் டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார்: க்ளோபெட்டசால். வீரியமான ஸ்டீராய்டு. போட்டதும் அரிப்பை அமுக்கும், நாள்கணக்கில் கண்டபடி போட்டால் தோலை மெலிய வைக்கும், நிறுத்தினால் எரிச்சல் திரும்பும். வாஷில் இருந்த வாசனைப் பொருளால் தோல் ஒவ்வாமை. நோயே அந்தச் சிகிச்சைதான்.

யோனியின் உள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அமிலத்தன்மையை 3.8 முதல் 4.5 பிஎச் வரை வைத்துக்கொள்கிறது. உள்ளே கழுவவே தேவையில்லையாம். 'பிஎச் பேலன்ஸ்டு' என்று அட்டையில் போட்டிருந்தாலும் வாசனை வாசனைதான்.

அரிப்பென்றாலே பூஞ்சை இல்லை என்பதை அவர்தான் புரியவைத்தார். மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் தண்ணீராக வெள்ளைப்பட்டால், உள்ளே பாக்டீரியாக்களின் சமநிலை கெடும் பாக்டீரியல் வஜைனோசிஸாக இருக்கலாம், அதற்குப் பூஞ்சை மாத்திரை கேட்காது. உடலுறவில் பரவும் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி என்றால் துணைவருக்கும் மருந்து வேண்டும். மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் குறைந்து வரும் வறட்சியும் எரியும். தோல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் போட்டு, ராத்திரியில் அரிப்பு அதிகமானால் லைக்கன் ஸ்க்ளீரோசஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அதற்கு இதே க்ளோபெட்டசால்தான் மருந்து, ஆனால் கண்டுபிடித்து, அளவு சொல்லிக் கொடுக்க வேண்டும். பூஞ்சையே என்றாலும் சில வகைகளுக்கு ஃப்ளூகோனசோல் வேலை செய்யாது. கர்ப்பிணிகள் அந்த மாத்திரையைத் தாங்களாக வாங்கிப் போடவே கூடாது.

எனக்குக் கிடைத்த வைத்தியம் இவ்வளவுதான்: வாஷ், வாசனை பேட், துடைக்கும் ஈர வைப்ஸ் எல்லாம் நிறுத்தம். வெறும் தண்ணீரில் வெளியே மட்டும் கழுவல், வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லி, தளர்வான பருத்தி உள்ளாடை. வீரியம் குறைந்த களிம்பைச் சில நாள் தந்து படிப்படியாக நிறுத்தினார். முதல் பத்து நாள் அழுதேன். ஆறாவது வாரம் மக் இல்லாமல் பாத்ரூம் போய்வந்தேன்.

நான்கு முறை ஆகியும் உங்களைப் பரிசோதிக்காமல் ஐந்தாவது சீட்டு எழுதினால், "ஒருமுறை பார்த்துட்டு, ஸ்வாப் எடுத்துட்டு எழுதுங்க டாக்டர்" என்று கேளுங்கள். மறுத்தால் சீட்டை வாங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.