கையால் தோட்டா அடைக்க எந்த மெஷின்: சிங்கிள் ஸ்டேஜா, டரெட்டா, புரோகிரஸிவா?

"மாமா, எடுத்த எடுப்பிலேயே பெரிய மெஷினா வாங்கிரட்டா?"

கேட்டவன் என் அக்கா மகன். ஹூஸ்டனில் வேலை. அங்கே ஒரு கிளப்பில் மாதம் இரண்டு பிஸ்டல் போட்டி சுடுகிறான், 9 மி.மீ. பயிற்சியோடு சேர்த்து மாதம் 400 தோட்டா ஆகிறதாம். விடுமுறைக்கு வந்தவன் வடசேரி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் மூன்று மெஷின்களைக் காட்டினான். நான் டாலஸில் இருந்த காலத்தில் 11 வருடம் என் தோட்டாக்களை நானே அடைத்துச் சுட்டவன். சுட்டபின் மிஞ்சும் கூட்டில் புதிய பிரைமர் (அடிபட்டதும் பொறி தரும் சின்ன மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து மறுபடி தோட்டாவாக்குவதுதான் அடைப்பது. அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் போய் அங்கே இந்தப் போட்டிகளில் இறங்கும் பிள்ளைகள் இப்போது கொஞ்சம் பேர் இருக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அங்கே சட்டப்படி செய்யும் வேலை. நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் யாரும் முயல வேண்டாம். ஏர் பிஸ்டலுக்கும் .22 பிஸ்டலுக்கும் இந்தப் பேச்சே கிடையாது. ஏர் பிஸ்டலில் வெடிமருந்து இல்லை, .22 கூட்டைத் திரும்ப நிரப்பிப் பயன்படுத்துவதும் நடைமுறையில் இல்லை.

கடைத் தோட்டாவே போதாதா என்றால், நிறையப் பேருக்குப் போதும். மாதம் 100 சுடுபவர் மெஷின் வாங்குவது வீண். பிஸ்டல் கம்பெனிகள் பெரும்பாலும், கையால் அடைத்த தோட்டா சுட்டால் வாரன்டி இல்லை என்று எழுதியே தருகின்றன. ஆனால் போட்டிக்காரனுக்குக் கையால் அடைப்பதில் ஒரு லாபம் உண்டு. அவன் சுடும் யூஎஸ்பிஎஸ்ஏ (அமெரிக்கத் துப்பாக்கிப் போட்டிச் சங்கம்) போட்டியில் குண்டின் எடையைக் கிரெயின் என்ற சின்ன எடை அலகிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி 1000-ஆல் வகுப்பார்கள். பலம் குறைந்த தோட்டாக்களுக்கான மைனர் பிரிவுக்கு அது 125 இருந்தால் போதும். 147 கிரெயின் குண்டு 900 அடி வேகத்தில் போனால் 132 வரும். கடைத் தோட்டாக்களில் பல இதற்கு மேலேயே நிற்கும், கையை அதிகம் உதைக்கும். தானே அடைப்பவன் எல்லைக்குச் சற்று மேலே நிறுத்தி, உதைப்பைக் குறைத்துக்கொள்ளலாம். பணம் மிச்சம் என்பதை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். மிச்சப்படுத்துகிறவர்கள் அந்தப் பணத்துக்கும் சேர்த்துச் சுட்டுவிடுவார்கள்.

மெஷினுக்குப் போகும் முன் மருந்தைப் பற்றிப் பேச வேண்டும், மூன்று மெஷின்களுக்கும் உள்ள வித்தியாசமே அதில்தான் இருக்கிறது. நம்மூர்க் கோயில்களில் வெடி வழிபாட்டுக்குக் கதினா என்ற இரும்புக் குழாயில் இடித்து அடைக்கும் கருமருந்தைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். நிறைய அடைத்தால்தான் வெடி என்று கண் பழகியிருக்கும். தோட்டாவுக்குள் போவது புகையில்லா மருந்து. அது வேறு சாதி. 9 மி.மீ. கூட்டுக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 கிரெயின்தான். என் அப்பா வடசேரியில் கோயில் நகை செய்தவர், அவர் கணக்கில் சொன்னால் இரண்டு மூன்று குன்றிமணி எடை. பல மருந்துகள் கூட்டில் பாதிகூட நிறைவதில்லை. இரண்டு தடவை மருந்து விழுந்தாலும் மேலே குண்டை வைத்து மூடிவிடலாம், வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. 9 மி.மீ. தோட்டாவுக்கு அமெரிக்கத் தரம் வகுத்த உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). இரட்டை மருந்து அந்த எல்லையைத் தாண்டிப் போய்விடும், பிஸ்டல் கையிலேயே பிளக்கலாம். மருந்தே விழாவிட்டால் பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டு நகர்ந்து குழலுக்குள் பாதியில் நிற்கும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் உப்பிவிடும்.

அதனால் மணிக்கு எத்தனை தோட்டா என்று ஒப்பிடுவதில் எனக்கு அக்கறை இல்லை. குண்டு வைக்கும் முன் கூட்டுக்குள் எட்டிப் பார்க்க எந்த மெஷின் இடம் தருகிறது? நான் ஒப்பிடுவது அதைத்தான்.

சிங்கிள் ஸ்டேஜ் ப்ரெஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரு டை (கூட்டின்மேல் இறங்கி வேலை செய்யும் அச்சு), ஒரு வேலை. 50 கூடுகளையும் முதலில் அளவுக்கு இறுக்கி, பழைய பிரைமரைத் தள்ளி, புதியதை வைத்து, வாயைச் சற்று விரித்து, பல்லாங்குழி மாதிரித் துளை போட்ட பலகையில் நிறுத்துகிறோம். பிறகு எல்லாவற்றுக்கும் மருந்து. அந்தக் கட்டத்தில் 50 கூடும் வாய் திறந்து வரிசையாக நிற்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மருந்தின் மட்டம் ஒரே கோடாகத் தெரியும். ஒன்றில் ஏறியோ இறங்கியோ இருந்தால் உடனே கண்ணில் குத்தும். இதைவிட நல்ல சோதனை வேறு எந்த மெஷினிலும் இல்லை. குறை, நேரம்தான். எனக்கு மணிக்கு 50, 60 முடியும். மாதம் 400 என்றால் ஏழெட்டு மணி நேரம். வேலையும் குடும்பமும் உள்ளவன் நாலாவது மாதத்தில் அவசரப்பட ஆரம்பிப்பான். அவசரப்பட்டால் அந்த டார்ச் சோதனைதான் முதலில் விடுபடும்.

புரோகிரஸிவில் கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் நாலைந்து கூடுகளில் நாலைந்து வேலை ஒரே சமயத்தில் நடக்கும். மணிக்கு 400-க்கு மேல் சாதாரணம். வாரா வாரம் போட்டிக்குப் போகிறவர்களுக்கு இது தேவைதான், நானும் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா ஊரிலிருந்து போன் செய்தார். கைப்பிடியைப் பாதியில் விட்டுவிட்டுப் பேசினேன். திரும்பி வந்து இழுத்தால் இறுகியது. கூடுகள் நிற்கும் சுழல் தட்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்பி எடுத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று தொடர்ந்தேன். அடுத்த வாரம் போட்டியில் நாலாவது குறிக்குச் சுடும்போது வெடிச் சத்தத்துக்குப் பதிலாக 'டப்' என்று ஒரு மந்தமான சத்தம். "ஸ்டாப்" என்று ரேஞ்ச் ஆபீசர் கத்தியதும் விரலை எடுத்தேன். குழலுக்குள் குண்டு சிக்கியிருந்தது. வீட்டுக்கு வந்து அந்தத் தொகுப்பில் மீதமிருந்த 300 சொச்சத்தையும் குண்டைக் கழற்றும் சுத்தியல் வகைப் புல்லரால் தட்டிப் பிரித்தேன். இரண்டு இரவு ஆனது. ஒரு கூட்டில் மருந்து இரு மடங்கு இருந்தது. அதைக் காகிதத்தில் கொட்டி, தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தப்பு என்னுடையது. இறுகினால் தட்டில் இருக்கும் கூடுகள் அத்தனையையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும், நான் செய்யவில்லை. ஆனால் அந்த வகை மெஷினில், தட்டு எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் போய்விட்டால் திரும்பக் கண்டுபிடிக்க வழியில்லை. புரோகிரஸிவ்தான் வேண்டும் என்பவர்கள் தட்டு தானே சுழல்வதாக, மருந்து மட்டத்தைப் பார்த்து எச்சரிக்கும் டை வைக்க ஐந்தாவது இடம் உள்ளதாகப் பாருங்கள். டில்லான் 750 அப்படிப்பட்டது. குண்டு வைக்கும் இடத்துக்கு மேலே ஒரு சின்ன எல்இடி விளக்கையும் ஒட்டுங்கள்.

டரெட் இரண்டுக்கும் நடுவில். டைகள் வட்டத் தலையில் சுழலும், கூடு இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு கூடு முழுத் தோட்டாவாகி வெளியே வந்த பிறகுதான் அடுத்தது உள்ளே போகும். எங்கே விட்டோம் என்ற குழப்பம் வந்தாலும் அது ஒரே ஒரு கூட்டோடு போய்விடும், அதைத் தூரப் போட்டால் தீர்ந்தது. மணிக்கு 150 வரை நிதானமாக முடியும். மாதம் 400-க்கு மூன்று மணி நேரம்கூட ஆகாது. 50 கூடுகளை ஒன்றாகப் பார்க்கும் வசதி இல்லை, ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும்.

அவனுக்கு நான் சொன்னது இது: "மக்கா, டரெட் வாங்கு. லீ கிளாசிக் டரெட்டில தலையைச் சுழற்றுற கம்பியைக் கழற்றி எடுத்துரலாம். எடுத்தா அதுவே சிங்கிள் ஸ்டேஜ். முதல் ஆயிரத்தைப் பலகையில வரிசையா நிறுத்தியே அடி. அதுக்கப்புறம் கம்பியைப் போடு."

மருந்து பற்றியும் கேட்டான். இரட்டிப்பாக விழுந்தால் கூடு வழிந்துவிடுகிற, கனம் குறைந்து பரிமாணம் கூடிய மருந்தாகத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். பிழை தானே காட்டிக்கொடுக்கும். அளவை மருந்துக் கம்பெனி வெளியிடும் கையேட்டிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும், அதிலும் தொடக்க அளவிலிருந்து. நண்பன் சொன்ன அளவு வேண்டாம். குண்டு எவ்வளவு உள்ளே இறங்குகிறது என்பதைக் காலிப்பரால் அளக்க வேண்டும். 9 மி.மீ. கூட்டில் இடம் சின்னது, கொஞ்சம் ஆழமாக இறங்கினாலே அழுத்தம் சட்டென்று ஏறிவிடும். மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பா. பிரைமர்கள் அவை வந்த பெட்டியிலேயே. ஹூஸ்டன் காற்றும் நம் கடற்கரைக் காற்று மாதிரி ஈரம்தான், அதனால் டப்பாவை மூடி வீட்டுக்குள் வை, காரேஜ் வெக்கையில் வைக்காதே என்றேன். ஈயம் தொட்ட கையோடு சாப்பிடக்கூடாது.

"தராசு எலக்ட்ரானிக் போதும்ல மாமா?"

போதும், ஆனால் சோதனை எடைக்கல் இல்லாமல் வேண்டாம். அப்பா பொன் நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவார், எங்களைப் பேசவும் விடமாட்டார், மூச்சுக் காற்றுக்குக்கூடத் தட்டு ஆடும் என்பார். டாலஸில் என் மேசைக்கு நேர் மேலே ஏசி துவாரம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதை அட்டையால் மூடிவிட்டுத்தான் எடை பார்த்தேன். மெஷின் எது என்பதை நாளைக்குக்கூட முடிவு செய்யலாம், எடைக்கல்லை இன்றைக்கே ஆர்டர் போடு என்றேன். போனை எடுத்து ஆர்டர் போட்டுவிட்டான்.