ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ: பழைய லேசர் பிரிண்டரை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவாக்க

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஹெச்பி லேசர்ஜெட் 1020 வைத்து டைப்பிங் கடை நடத்துபவர்களுக்காக இது. மெஷின் நல்ல உழைப்பாளி, ஆனால் யூஎஸ்பி மட்டும்தான். ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டி ஷேர் கொடுத்தால் அது எந்நேரமும் ஓட வேண்டும். 2021 செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு, பக்கத்துக் கம்ப்யூட்டரில் 11பி என்று முடியும் பிழை வேறு வரும். ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) மாற்றி அதை மறைக்காதீர்கள். அந்த அப்டேட் அடைத்த பாதுகாப்பு ஓட்டையைத் திரும்பத் திறக்கிற வேலை அது.

ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்பது ஒரு சின்ன போர்டில் அடங்கிய கம்ப்யூட்டர். அதில் கப்ஸ் (பிரிண்டரைப் பலருக்கும் பகிரும் மென்பொருள்) போட்டுவிட்டால் விண்டோஸ், உபுண்டு, மேக், போன் எல்லாம் ஒரே பிரிண்டரைப் பார்க்கும். 16 ஜிபி மெமரி கார்டு, 5 வோல்ட் 2.5 ஆம்பியர் சார்ஜர், மைக்ரோ யூஎஸ்பி ஓடிஜி கேபிள் (பிரிண்டரின் யூஎஸ்பி வயரை போர்டில் மாட்ட) தனியாக வாங்க வேண்டும். போர்டில் ஒரே மாதிரி இரண்டு ஓட்டைகள் உண்டு. ஓரத்தில் இருப்பது கரண்டுக்கு மட்டும். நடுப்பக்கம் உள்ளதில்தான் பிரிண்டரை மாட்ட வேண்டும். பிரிண்டரே தெரியவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

ராஸ்பெரி பை ஓஎஸ் லைட் போட்டு, கப்ஸ், அவாஹி (நெட்வொர்க்கில் பிரிண்டரைத் தானாகக் காட்டுவது), ஃபூ2இசட்ஜேஎஸ் (1020க்கான லினக்ஸ் டிரைவர்) மூன்றையும் நிறுவுங்கள். ரவுட்டரில் போர்டுக்கு நிலையான ஐபி ஒதுக்குங்கள். கப்ஸில் மற்ற கம்ப்யூட்டர்களுக்கு அனுமதி கொடுத்த பிறகு, பிரவுசரில் அந்த ஐபியும் 631 என்ற போர்ட் எண்ணும் கொடுத்தால் கப்ஸ் பக்கம் திறக்கும்.

பலரும் தடுக்கி விழுவது ஃபர்ம்வேரில், அதாவது பிரிண்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளில். 1020 அதைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் வெளியிலிருந்து ஏற்ற வேண்டும். ஃபூ2இசட்ஜேஎஸ்ஸோடு வரும் கெட்வெப் கருவியால் 1020க்கான கோப்பை ஒருமுறை இறக்கி வைத்தால் போதும், பிறகு தானாக ஏறும். ஏறியதும் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கும். சத்தம் இல்லாமல், திரையில் மட்டும் 'முடிந்தது' என்று வந்தால் ஃபர்ம்வேர் ஏறவில்லை என்றே பொருள்.

விண்டோஸ் 10, 11இல் ஐபிபி (நெட்வொர்க் வழியே அச்சிடும் முறை) முகவரி கொடுத்துச் சேர்த்து, மைக்ரோசாஃப்ட் ஐபிபி கிளாஸ் டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 7 என்றால் ஏதாவது ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர். 1020இன் சொந்த டிரைவரை அங்கே போடக்கூடாது: பிரிண்டரின் மொழிக்கு மாற்றும் வேலையை போர்டே செய்கிறது, இரண்டு முறை மாற்றினால் தாளில் எதுவும் உருப்படியாக வராது. கப்ஸில் தாள் அளவை ஏ4 என்று மாற்றிவிடுங்கள். லெட்டர் அளவிலேயே விட்டால் பக்கத்தின் அடி வெட்டுப்படும்.

குறைகள் உண்டு. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். ராம் 512 எம்பிதான், கனமான ஸ்கேன் பிடிஎஃப் மெதுவாகத்தான் வரும். கெஸ்ட் வைஃபையில் இருக்கும் போனுக்குப் பிரிண்டர் தெரியாது.

நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. இடி மின்னலோடு கரண்ட் போய்ப்போய் வரும்போது மெமரி கார்டு கெட்டுப்போகும். போர்டை ரவுட்டரின் சின்ன யூபிஎஸ்ஸிலேயே சேருங்கள். லேசர் பிரிண்டரை அதில் மாட்டவே கூடாது, ஃபியூசர் (டோனரைத் தாளில் சூட்டால் ஒட்டும் பாகம்) சூடாகும்போது இழுக்கிற கரண்டை அது தாங்காது.

கேனான் எல்பிபி2900 வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். கேனான் தரும் லினக்ஸ் டிரைவர் ராஸ்பெரி பையில் உள்ள ஆர்ம் வகை சிப்பில் ஓடாது.